சம்பளத்துடன் கூடிய விடுமுறை

"தொழிலாளியோட ஓட்டை முழுங்குறவன் அவன் ரத்தத்தைக் குடிக்கிறவனுக்குச் சமம். எழுதிக்கிட்டீங்களா?" என்று ஹரிகிருஷ்ணன் போனில் கத்தினார். எதிர்முனையில் இருந்த பெண் ரத்தத்தை விட்டுவிட்டு மில்லின் முகவரியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முகநூலில் நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இன்று காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் படம் எடுத்துப் போட்டாகிவிட்டது. வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவர்களை நினைத்தால்தான் அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருவனுக்காவது எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்திருக்குமா?

திரும்பி வருகிற வழியில் தெருக்கோடி மில்லில் தறிச் சத்தம் கேட்டது. ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்தோடு லீவு விட வேண்டும் என்பது சட்டம். ஹரிகிருஷ்ணன் சும்மா விடுவாரா? வீட்டுக்கு வந்த கையோடு தேர்தல் புகார் எண்ணைத் தட்டிவிட்டார்.

"யாருங்கய்யா போன்ல?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளத்தாய் காபியை வைத்தாள். அவர் வீட்டில் ஆறு வருஷமாகச் சமையல் வேலை பார்ப்பவள்.

"தேர்தல் ஆபீஸ். லீவு தராத முதலாளியைப் பிடிச்சுக் குடுத்தேன். உரிமைங்கிறது கேட்டு வாங்கணும் வெள்ளத்தாயி. ஒண்ணு, ஒம்பது, அஞ்சு, சைபர். அந்த மில்லுல இருக்கிற ஒருத்தனுக்காவது தெரியுமா?"

"நாலே நம்பரா ஐயா?"

"நாலே நம்பர்தான். அதை அடிக்கத் துணிச்சல் வேணும்ல. நம்ம ஜனத்துக்கு அது ஏது?"

வெள்ளத்தாய் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "ஐயா, நானும் ஒரு எட்டு ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுட்டு வந்திரட்டுமா? வில்லிபுத்தூரு போய், அங்கனருந்து செண்பகத்தோப்பு பஸ் பிடிக்கணும். போன தடவை நான் போறதுக்குள்ள எம் பேருல எவளோ போட்டுட்டுப் போயிட்டா."

"மத்தியானம் நாலு பேர் சாப்பிட வாராங்கன்னு சொன்னேன்ல? கறி வாங்கியாச்சு. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"பொறவு பஸ்ஸு கிடைக்காதுங்கய்யா..."

"சரி, யாருக்குப் போடப் போற?"

"அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக."

ஹரிகிருஷ்ணன் சிரித்தார். இவளுக்கு ஊர் நாட்டாமை எந்தப் பொத்தானைக் காட்டுகிறாரோ அதுதான். அந்த ஓட்டு ஒரு மணி நேரம் பிந்திப் போனால் நாடு ஒன்றும் கெட்டுவிடாது.

ஒரு மணிக்கு நண்பர்கள் வந்தார்கள். கறிக்குழம்பும் கோலா உருண்டையும் இலையில் விழ விழ, ஜனநாயகம் வாசல்வரை மணத்தது. "வாக்குப்பதிவு நாப்பது சதவீதம்கூடத் தாண்டலையாம்" என்றார் ஜெபக்குமார். அவரும் அதே கல்லூரியில் பாடம் நடத்தியவர்.

"தாண்டாது. லீவு விட்டா அய்யனார் கோவில் அருவிக்குப் போவான், பிரியாணி தின்னுட்டுத் தூங்குவான். இந்த ஜனத்துக்கு ஓட்டு ஒரு கேடு" என்றார் ஹரிகிருஷ்ணன். "வெள்ளத்தாயி, ரசம் கொண்டா!"

இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். கொல்லையில் போன் பேசிக்கொண்டிருந்தாளாம். சொந்தக்காரியிடம் ஊர்க்கதை அளந்திருப்பாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, மணி ரெண்டே கால்" என்றாள் அவள்.

"பாத்திரத்தைக் கழுவிப் போட்டுட்டு, எல்லாருக்கும் ஒரு காபி. செத்த நேரம் பொறேன். அப்படி என்ன அவசரம்?"

மூன்று மணிக்கு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கண்ணாடியில் 'தேர்தல் பணி' என்று ஒட்டியிருந்தது. ஹரிகிருஷ்ணனுக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. நண்பர்களைப் பார்த்து ஒரு தலையசைப்புடன் எழுந்து போனார்.

"வாங்க சார். சொன்ன உடனே வந்துட்டீங்களே! மில்லு அந்தத் தெருக்கோடியில இருக்கு. நான் வேணா கூட வாரேன்."

"அங்க காலையிலயே போயிட்டோம் சார். எல்லாருக்கும் லீவு குடுத்துட்டாங்க. மிஷின்ல ஏதோ ரிப்பேராம், மெக்கானிக் ஓட்டிப் பாத்துட்டிருந்தாரு. அவரும் ஓட்டுப் போட்டுட்டாரு." அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இது வேற புகார். வேலைக்காரங்களை ஓட்டுப் போட அனுப்பாம நிறுத்தி வச்சிருக்காங்கன்னு."

"அப்படிப் போடுங்க! எவன் சார் அந்த அயோக்கியன்?"

அதிகாரி வாசல் கதவில் எழுதியிருந்த வீட்டு எண்ணைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி ஹரிகிருஷ்ணனைப் பார்த்தார்.

கூடத்தில் காபியை உறிஞ்சுகிற சத்தம் நின்றுபோனது.

அடுப்படியிலிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெள்ளத்தாய் வந்தாள். இடுப்பில் செருகியிருந்த பூத் சிலிப்பை எடுத்துப் பிரித்தபடி அவரைக் கடந்து படியிறங்கினாள்.

"நீங்க சொன்ன நம்பருதான் ஐயா."