சைத்தான் பாட்டு

"வந்தாச்சு லா! லிஃப்ட் சத்தம் கேக்குது. இன்னும் நிறுத்தலையா?" சமையலறையிலிருந்து ஆனி பதறினாள்.

ஆம்ப்ரோஸின் விரல் அவசரமாய் டேப் ரெக்கார்டரை நிறுத்தியது. அதில் பாடிக்கொண்டிருந்த இங்கிலாந்து ராக் குழு கலைந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம்தான் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில் அவர்கள் கேசட் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஒரே பைத்தியம். ஆனால், சைத்தான் பாட்டுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்பது நெடுநாள் சட்டம். வீடு ஓடுவதோ, பூன் லே ஃபேக்டரியில் பெர்னார்ட் வாங்கும் சம்பளத்தில்.

கதவில் சாவி திரும்பியது. கேசட்டைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகப் போனதில் கை தவறி, அது பெர்னார்டின் காலடியிலேயே போய் விழுந்தது.

குனிந்து எடுத்து அட்டையைப் பார்த்த பெர்னார்டின் முகம் கறுத்துவிட்டது.

"யார் வாங்கினது?"

"நான்தான்."

"பாட்டு எப்படி இருக்கு?"

"நல்லா... நல்லாத்தான் இருக்கு." ஆம்ப்ரோஸின் கை கேசட்டை வாங்க நீண்டது.

"ஸ்கூல் படிக்கிறப்ப நான் ஆசையா வாங்கின இவங்க ரெக்கார்டை உடைச்சுக் குப்பைக் குழாயில போட்டீங்களே," என்றான் மகன் பெர்னார்ட். "அன்னிக்கு ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமேப்பா."