பாதி அறை

ஆபீசுக்கு ஓர் இடம் பிடிக்காமல் வீடு திரும்ப மாட்டேன் என்று மனைவி லூர்தம்மாளிடம் சவால் விட்டுத்தான் இன்னாசிராஜ் காலையில் தர்மபுரியில் பஸ் ஏறினான். லாரிகளுக்கு இன்சூரன்ஸ் பிடிக்க, விபத்துக்குப் பேர்போன தொப்பூர் மலைப்பாதையைவிடத் தோதான இடம் ஏது?

பார்த்த இரண்டு இடங்களிலும் உரிமையாளர்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மலைச்சாலை ஓரத்தில் கதவில்லாத அறையில் உட்கார்ந்திருந்த லாரி புக்கிங் மாதப்பன்தான் வாய் நிறைய வரவேற்றார்.

"பாதி ரூமை நீங்க எடுத்துக்கங்க. தனியா இருந்து சலிச்சுப் போச்சு."

"லாரிங்க நிக்குங்களா?"

"இங்க நிக்காம எவனும் மலை எறங்க மாட்டான். பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பீடி ஒன்றைப் பற்றவைத்து வாசற்படியில் வைத்துக் கும்பிட்டார்.

"அடேங்கப்பா, உங்களுக்கு இவ்வளவு மரியாதையா! முடிச்சுக்கலாமுங்க" என்று இன்னாசிராஜ் காலி நாற்காலியில் அமர்ந்தான்.

டிரைவர் இன்னொரு பீடியையும் பற்றவைத்தார்.

"மாதப்பண்ணே, அது உங்களுக்கு. இது, காலையில இங்க பஸ் உருண்டுச்சே, அதுல செத்துப்போன தர்மபுரிக்காரருக்கு. எங்களுக்கு வழி வுடுங்க சாமி."

லாரி போய்விட்டது. இன்னாசிராஜ் மெல்ல எழுந்தான்.

"வூட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேனுங்க."

"நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேனுங்க" என்றார் மாதப்பன், இரண்டாவது பீடியை அவன் பக்கம் நகர்த்தியபடி.