மடம் பார்க்கப் போன நாயுருவி

எந்நேரமும் மழை சொட்டும் குளிர்மலைக் காடு ஒன்று இருந்தது. அதன் நடுவே துறவிகள் கட்டிய பழைய மடம். வெளி விதை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாதென்று, வருகிறவர்களின் செருப்பையும் துணியையும் தேய்த்துவிட வாசலில் ஒரு பிரஷ் காவல் இருந்தது.

சாலையோரத்து நாயுருவி விதைக்கு அந்த மடத்தைப் பார்த்தே தீர வேண்டும். ஒருவரின் காலுறையைப் பற்றிக்கொண்டு வந்தது. பிரஷ் தட்டிவிட்டது. அடுத்தவரின் வேட்டியில் தொற்றியது. மறுபடியும் கீழே விழுந்தது.

"உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று அதட்டியது பிரஷ்.

"அண்ணே, சும்மா பார்த்துட்டு வந்துடுறேன். அங்கேயே குடியேறவா போறேன்?"

மூன்றாம் முறை ஒரு ஷூ நாடாவின் முடிச்சுக்குள் புகுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. பிரஷ்ஷுக்கு எட்டவில்லை.

மடத்துச் சுவரோரம் உதிர்ந்தது. நாலு நாள் மழையில் வேர்விட்டு, இரண்டு இலையோடு எழுந்து அண்ணாந்து பார்த்தது. வானத்தை மூடிக்கொண்டு கிழ மரங்கள் நின்றன.

சுவரில் படர்ந்திருந்த பாசி ஆசையாகக் கேட்டது: "எங்க இடம் எப்படி இருக்கு?"

"பிரமாதம்!" என்றது நாயுருவி. "இந்த மரங்களை மட்டும் எடுத்துட்டா நல்லா வெயில் வரும்."