கள் தங்கிய கை

அவன் கையில் இருந்த கலயம் மட்டும் நுரைத்துக்கொண்டிருந்தது.

கூட்டம் அதைப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.

வானத்தின் இரண்டு நிலவுகளும் ஒருமுறை தேய்ந்து வளர்ந்துவிட்டன. பனங்கோட்டையில் அவனைத் தவிர யாருக்கும் ஒரு வாய் கள் கிடைக்கவில்லை. மரம் சுரந்தது. பானை நிறைந்தது. ஆண்பிள்ளை கை பட்டதும் தண்ணீராகிவிட்டது.

காரணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

குடித்துவிட்டு வந்த அத்தான் அக்காவின் தாடையை உடைத்த அன்று, ஒற்றைப்பனை யட்சியிடம் வரம் கேட்டது அவள்தான். பெண்ணை அடித்த கையில் கள் தங்கக் கூடாது.

யட்சி சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

ஊரில் இத்தனை கைகள் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. தன் புருஷன் ஒருவன்தான் மிஞ்சுவான் என்றும் நினைக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தண்ணி, உனக்கு மட்டும் கள்ளாடா?" என்றார் ஊர்த்தலைவர்.

ஊர்க் கள்ளையெல்லாம் மந்திரம் போட்டு இழுக்கிறான் என்று தீர்ப்பாகிவிட்டது. அவன் கால்களைக் கட்டியிருந்தார்கள். பின்னால் சுண்ணாம்புக் காளவாய் செக்கச்செவேலென்று எரிந்தது. அவனைத் தள்ள நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

உண்மையைச் சொன்னால் அவள்தான் உள்ளே போக வேண்டும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். அவன் முகத்தில் காறித் துப்பப் போவதுபோலக் கிட்டே போய், காதில் சொன்னாள்.

"என்னை அடிங்க. அடிச்சா தண்ணியாயிடும்."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். கண் கலங்கியது.

காளவாயின் அனல் முதுகில் ஏறியது.

அடித்தான்.

அடித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் அது ஒரு விஷயமா?

நுரை அடங்கியது. ஊர்த்தலைவர் எட்டிப் பார்த்தார். தண்ணீருக்குள் கலயத்தின் அடி தெரிந்தது.

"அட, இவனும் நம்மாளுதான்யா."

கட்டை அவிழ்த்தார்கள். ஆளுக்கு ஆள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

வீடுவரை அவன் முன்னாலேயே நடந்தான்.

வீட்டில் உறியில் கொஞ்சம் கள் மிச்சமிருந்தது. எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினான். தண்ணீர்.

கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினான். தண்ணீர்.

கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

அவளை அவன் டி போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை.

அவள் கதவைப் பார்த்தாள்.

தாழ் போட்டிருந்தது.