நடுவில் நிற்கிறவள்

"ஏன்டி மறுபடியும் நின்னே?"

இது பதினெட்டாவது தடவை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

தங்கை மெத்தை நடுவில் கம்பம் நட்ட மாதிரி நின்றாள். வயது பத்து. வீட்டில் அவளுக்குப் பேர் வாலு. சோபா, கட்டில், மாடிப்படி எதையும் விட்டுவைக்காமல் குட்டிக்கரணம் போடுகிறவள். இந்த ஜிம்முக்கு வந்தால் மட்டும் இந்த நிற்பு.

அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஓடி வந்து, பக்கவாட்டில் கை ஊன்றிச் சுழன்று, இரண்டு காலும் சேர்த்து இறங்கணும். இறங்கின வேகத்திலேயே பின்பல்டி. தனித்தனியாக என்றால் இரண்டும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. யார் கையும் இல்லாமல் செய்வாள். சேர்த்துச் செய் என்றால்தான் நடுவில் நின்றுவிடுகிறாள். மூன்று வாரமாக இதே கூத்து.

இன்றைக்கு ஐந்து மணிக்குள் நிற்காமல் செய்து காட்டினால் டீமில் இடம். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். மணி நாலே முக்கால்.

மாஸ்டரிடம் இருபது பிள்ளைகள். அதனால் இவள் பக்கத்தில் நின்று முதுகுக்குக் கை கொடுக்கும் வேலை என் தலையில். எனக்கும் வேறு வேலை இல்லை. போன வருஷம் இதே மெத்தையில், இதே பல்டியில், மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பல்டியை விட்டேன். அப்புறம் பள்ளிக்கூடத்தையும் விட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

"கால் வலிக்குதா?"

"இல்லண்ணா."

"தூக்கம் வருதா?"

"இல்ல."

"அப்ப என்ன, பஸ்ஸுக்கா நிக்கிறே?"

டி-ஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் பின்பக்கம் சாக்கு மாதிரி தொங்குகிறது. இப்படித் துணியைப் பாழாக்குவியா என்று காலையில்தான் அம்மா அவளைப் பிடி பிடி என்று பிடித்தாள். அதையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, பயமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா மாஸ்டர். எனக்குத்தான் பயம்."

"பயந்தாங்கொள்ளி" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"நீ சும்மா இருடா. ஒரு தடவை பண்ணும்மா, நான் பார்க்கிறேன்."

ஓடி வந்தாள். சுழன்றாள். இறங்கினாள். நின்றாள்.

"பார்த்தீங்களா மாஸ்டர்? இவளை வச்சுக்கிட்டு நான் என்ன..."

"டேய், அப்படியே நில்லு. அசையாதே."

நின்றேன்.

"உன் கையைப் பாரு."

பார்த்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் விரித்து வைத்திருக்க வேண்டிய கை. இறுக்கி மூடியிருந்தது. உள்ளே அவள் டி-ஷர்ட், ஒரு பிடி.

எனக்கே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

"எத்தனை நாளாம்மா இப்படி?" மாஸ்டர் அவளைத்தான் கேட்டார்.

"கவனிக்கல மாஸ்டர்" என்றாள், மெத்தையைப் பார்த்துக்கொண்டே.

விரல்களைப் பிரிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. வேர்த்திருந்தது.

"தள்ளி நில்லு. அவ பண்ணுவா" என்றார் மாஸ்டர். நாலடி தள்ளி நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டேன். மணி நாலு ஐம்பத்தெட்டு.

வாலு ஓட ஆரம்பிக்கிற கோட்டுக்குத் திரும்பிப் போனாள். என்னைத் தாண்டும்போது, மாஸ்டர் காதில் விழாமல் சொன்னாள்:

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோண்ணா. முடிச்சுட்டுக் கூப்பிடறேன்."

மூன்று வாரமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, நானாக விடுவேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஓடி வந்தாள். கை ஊன்றினாள். கால் இரண்டும் இறங்கின. அந்த நடுவிடம் வந்தது, போனது. அவள் அதற்குள் பின்பக்கமாக எகிறிப் புரண்டு, அந்தப் பக்கம் போய் நின்றாள்.

கண்ணை மூடிக்கச் சொன்னாளே, நான் மூடவில்லை.