அறுந்த பெல்ட்

மூன்று வருடம் கழித்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் அதே சூப்பர்சார்ஜரை அந்தப் பழைய ரேஸ் இன்ஜின் மேல் இறக்கினார்கள். எட்வினின் அண்ணன் ஓட்டிய அன்றைய பந்தயத்தில், இன்ஜினுக்குள் வெடித்ததில் அது பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்து, அவன் நெஞ்சில் பாய்ந்து உயிரைப் பறித்தது. வண்டியைத் தயார் செய்தவள் அண்ணி ரெஜினாதான். சூப்பர்சார்ஜர் பறக்காமல் இழுத்துப் பிடிக்கும் நைலான் பெல்ட் அறுந்துபோனதாக அவள்தான் எல்லோரிடமும் சொன்னாள். இனி ஓட்டப்போவது எட்வின். ரெஜினா கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டு, பீரோவிலிருந்து அந்தப் பெல்ட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்த்தான். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

"அறுந்துபோச்சுன்னு சொன்னீங்களே, அண்ணி?"

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த எண்ணெய் எப்போதோ போயிருந்தது.

"இந்த வாட்டி நீயே கட்டு," என்றாள். "கட்டிட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாரு."