ஒன்னுகூடப் பிரியல

“எண்பது ஜோடி சேர்த்து வெச்சிருக்கேன் தங்கச்சி. ஒன்னுகூடப் பிரியல!”

தரகர் அழகுமுத்து சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார். ஜீவராணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஒரு சம்பந்தத்துக்கு இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

மகள் பூரணிக்குத்தான் வேண்டுமாம். வட்டவளை மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவன் பேசியது இரண்டு வார்த்தை. இரண்டும் போனில், வேறு யாரிடமோ.

இன்றைக்குள் சரி சொல்லாவிட்டால் இந்த இடம் கைநழுவிவிடும். இவளைக் கெம்பஸில் புள்ளிவிபரவியல் படிக்க வைத்தது தப்பு என்று ஜீவராணிக்கு அப்போதே தெரியும்.

“மாமா, நீங்க சேர்க்காத ஜோடியில எத்தன பிரிஞ்சிருக்கு?”

“அது எனக்கு எதுக்கு மக?”

“ஒப்பிட்டுப் பாக்க வேணாமா? சொந்தத்துல கட்டுனவங்க, ஓடிப்போய்க் கட்டுனவங்க... அம்மா, நம்ம ரோட்டுல யாராச்சும் பிரிஞ்சிருக்காங்களா?”

ஜீவராணி மனசுக்குள்ளேயே வீடு வீடாகப் போய் வந்தாள். பொன்னையா குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், வேலாயி பிரியவில்லை. றொசானாவின் புருஷனுக்குக் கொழும்பில் இன்னொரு குடும்பம், அவளும் பிரியவில்லை. மாதா கோயிலில் பெண்கள் ஏற்றும் மெழுகுதிரிதான் கூடியிருக்கிறது.

“ஒருத்தரும் இல்லதான்.”

“அப்ப யாரு சேர்த்தாலும் இங்க பிரிய மாட்டாங்க. இதுல இவரு கெட்டித்தனம் என்ன? நுவரெலியா குளிருல ஃபேன் வித்துட்டு, ‘என்கிட்ட வாங்குன வீட்டுல ஒருத்தருக்கும் வேர்க்கல’ன்னு சொல்ற மாதிரி இருக்கு!”

தரகருக்குச் சுருக்கென்றது.

“ஊர்க்கத எதுக்கு? உங்க அப்பா அம்மாவும் நான் சேர்த்து வெச்ச ஜோடிதான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். பிரிஞ்சா போயிட்டாங்க?”

“அப்படிக் கேளுங்க அண்ணே!”

ஜீவராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் பேப்பருக்குள் புதைந்திருந்த கணவர் சுதாகரனை விரலால் சுட்டினாள்.

“கேளு பூரணி! நாங்க பிரிஞ்சா இருக்கோம்னு உங்கப்பாகிட்டயே கேளு!”

அவர் பேப்பரை இறக்கினார். பத்து வருஷமாக மனைவி பக்கம் திரும்பாத முகம், இன்றும் மகளைத்தான் பார்த்தது.

“இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”